மூன்று விரல் நீளம்

மருதமுனை
20.02.1957

தங்கச்சி சுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மதினி ஹப்ஸாவை நேற்றுப் பகல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். எழுந்து உட்காருகிறாள், கஞ்சி குடிக்கிறாள், பிள்ளைக்கும் பால் கொடுக்கிறாள். அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். இதை உனக்கு எழுத வேண்டியது என் கடமை, எழுதிவிட்டேன்.

இனி மற்றதைக் கேள். பிள்ளை பெற்ற பிறகு இரத்தம் நிற்காமல் போய், பாதி உயிராக அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, "என்ட தங்கச்சி அங்க மிஸியா இரிக்கா, ஒண்டுக்கும் பயப்படாதிங்க" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். உன்னை ஆஸ்பத்திரித் தாதி வேலைக்கு விடக்கூடாது என்று ஊரே நின்றபோது, அப்போது உயிரோடு இருந்த வாப்பாவிடம் உனக்காகக் கதைத்தவனும் நான்தான். அதற்கு நீ என்ன செய்தாய்? நான் அஸர் தொழுதுவிட்டு வார்டுக்குள் வருகிறேன், என் மனைவி சட்டை திறந்து கிடக்கிறாள். அவளுடைய கையை ஓர் அந்நிய ஆண் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நீ அவள் நெஞ்சில் நாடாவைப் போட்டு அளந்துகொண்டிருக்கிறாய்.

என்ன வேலை இது என்று கேட்டேன். "வெளிய நில்லுங்க காக்கா, கதைக்க நேரமில்ல" என்றாய். அத்தனை கட்டில்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நம் குடிக்கு மரைக்கார். பள்ளிவாசலில் என் சொல்லைக் கேட்டு நடக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். கூடப்பிறந்தவள் என்னை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினாள் என்று இப்போது தறிக்குழியில் இருந்து கடைத்தெரு வரைக்கும் பேச்சாக இருக்கிறது.

அவளுடைய கைக்குள் குழாயை வைத்தவர் டொக்டர். அதைப் பிடித்து இழுக்க உனக்கு அதிகாரம் தந்தது யார்? நடந்ததை எழுதி உங்கள் பெரிய டொக்டருக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். செய்தது பிழை என்று நீ எழுத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்வரை எங்கள் வாசல்படி மிதிக்க வேண்டாம்.

பதியுதீன்

•

தாதிமார் விடுதி
26.02.1957

காக்கா அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

மதினி கஞ்சி குடிக்கிறாள் என்ற வரியை விடுதியில் இருந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு நீங்கள் எழுதியதை நான் மட்டும் வாசித்தேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் தேடி நீங்கள் களைத்துப் போகக் கூடாது.

நீங்கள் கோபப்பட்டு வெளியே போனதால் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். மதினியைக் கொண்டுவந்தபோது உடம்பில் இரத்தமே இல்லை. கையில் ஊசி குத்த ஒரு நரம்பும் அகப்படவில்லை, எல்லாம் வற்றிப்போய்க் கிடந்தன. அதனால்தான் டொக்டர் அருளம்பலம் முழங்கை மடிப்பில் சின்னதாக வெட்டி, ஈர்க்கைவிட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நரம்புக்குள் விட்டார். அது கைக்குள்ளாலே ஏறி, தோளுக்குள்ளாலே போய், நெஞ்சுக்குள் இருக்கிற பெரிய நரம்பில் நிற்க வேண்டும். இதயத்துக்குச் சற்று மேலே. அங்கே நின்றால்தான் கொடுக்கிற இரத்தமும் மருந்தும் உடனே போய்ச் சேரும். குறைந்தால் வழியில் எங்கேயாவது திரும்பி நின்றுவிடும். கூடினால் இதயத்துக்குள்ளேயே போய்க் குத்தும், அது துடிக்கிறதை மறந்துபோகும்.

உள்ளே போன குழாய் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிக்கொண்டு போக மதினியின் உயிர் தாங்காது. ஆகவே முதலிலேயே உடம்பின் மேல் நாடாவை வைத்து அளந்து, அந்த நீளத்துக்குக் குழாயில் அடையாளம் கட்ட வேண்டும். முழங்கை மடிப்பில் இருந்து தோளுக்கு, தோளில் இருந்து கழுத்துக் குழிக்கு, அதற்குக் கீழே நெஞ்செலும்போடு இரண்டு விரல். டொக்டர் நாடாவை எடுத்தார். நீங்கள் குறுக்கே நின்றீர்கள். "பிற ஆம்புள அவட நெஞ்சில கை வைக்கப்படா. அளக்கிறதெண்டா என்ட தங்கச்சியில அளங்க, ரெண்டு பேரும் ஒரே அளவுதான்" என்றீர்கள். உயிர் போகிற நேரத்தில் டொக்டர் உங்களோடு வழக்காட முடியுமா? என் கையை நீட்டச் சொன்னார். என் உடுப்பின் மேல் நாடாவை வைத்தார். அந்த அளவில்தான் மதினிக்குள் குழாய் போனது.

அன்று அஸர் நேரத்துக்கு மதினியின் நாடி தடுக்கி விழ ஆரம்பித்தது. நாலு துடிப்பு, ஒரு வெற்றிடம். மூன்று துடிப்பு, இரண்டு வெற்றிடம். டொக்டர் அறுவை அறையில் ஒரு வயிற்றைத் திறந்துவைத்து நிற்கிறார், வர முடியாது. கை அசையாமல் பிடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். அற்றென்டன் தங்கராசாதான் நின்றார். காரைதீவு மனிதர், நான்கு பெண் பிள்ளைகளின் தகப்பன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் பிடித்தார், அதை நீங்கள் பார்க்கவில்லை. நான் சட்டையைத் திறந்தேன், மதினியிலேயே அளந்தேன், மூன்று விரல் கூட இருந்தது. மூன்று விரல் வெளியே இழுத்துக் கட்டினேன். நான் விரலை எடுக்கும் முன்னே நாடி ஒழுங்காகிவிட்டது. நீங்கள் நின்ற இடத்தில் இருந்து உங்களுக்குச் சட்டைதான் தெரிந்தது.

உங்கள் கடிதம் வேலை செய்துவிட்டது. டொக்டர் வைத்த குழாயை உத்தரவில்லாமல் தொட்டேன் என்று என் மேல் குற்றம் எழுதியிருக்கிறார்கள். மார்ச் 25ஆம் திகதி விசாரணை. பிழை என்று தீர்த்தால் வேலையும் போகும், மிஸி என்ற பெயரும் போகும். நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும்: மனைவியில் அளக்க விடாதவன் நான், தங்கச்சியில் அளக்கச் சொன்னவனும் நான். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சுல்பிகா

•

மருதமுனை
04.03.1957

சுல்பிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ படித்தவள், நன்றாகக் கதை கட்டுகிறாய். டொக்டர் பிழை விட்டாரோ நீ பிழை விட்டாயோ எனக்குத் தெரியாது. அதைத் தூக்கி என் தலையில் வைக்கப் பார்க்காதே.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்று நான் சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் டெய்லர் சாலிஹிடம் அளவுக்குப் போவது உன் பழைய சட்டைதான். ஹப்ஸா எந்த டெய்லருக்கும் உடம்பைக் காட்டி அளவு கொடுத்தவள் அல்ல, அது உனக்கும் தெரியும். ஒரே அளவில் இரண்டு முழுக்கைச் சட்டை தைத்து வரும், இரண்டு பேரும் போட்டுக்கொண்டு பெருநாள் கொண்டாடுவீர்கள். ஏழு வருடமாக ஒரு குறை கேட்டதில்லை. நீ அவளைவிட உயரம் என்று எனக்கும் கண் இருக்கிறது. உயரம் காலில் இருக்கிறது. சட்டை பொருந்தினால் கையும் நெஞ்சும் ஒன்றுதானே? இருபது வருடமாகத் தறிக்குப் பாவு நூல் அளக்கிறவனுக்கு நீ அளவு படிப்பிக்க வேண்டாம்.

உம்மா அழுதுகொண்டே இருக்கிறா. அவவுக்காக ஒன்று சொல்கிறேன். சாய்ந்தமருதில் இருந்து உன்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். நல்ல குடும்பம், சொந்தத் தோணி இரண்டு இருக்கிறது. வேலையை நீயே விட்டுவிட்டு வீட்டுக்கு வா. நான் கொடுத்த முறைப்பாட்டை அன்றைக்கே திரும்ப எடுத்துவிடுகிறேன். விசாரணையும் இல்லை, வெட்கமும் இல்லை. நோன்புக்கு முன் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்.

பதியுதீன்

•

தாதிமார் விடுதி
09.03.1957

காக்கா அவர்களுக்கு,

சாய்ந்தமருது மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல்லுங்கள். இரண்டு தோணி இருக்கிறவர் மூன்றாவதாக என்னையும் கட்டி இழுக்க வேண்டாம்.

சட்டைக் கதையை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அன்று மதினியின் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். போன பெருநாளுக்கு நம் இருவருக்கும் சேர்த்துத் தைத்த அதே சட்டை. உட்பக்கத்தைப் பார்த்தேன். தோள்மூட்டில் மூன்று விரல் மடித்து உள்ளே தைத்திருந்தது. நெஞ்சுப்பக்கம் இரண்டு தையல், கீழே ஒரு மடிப்பு. சாலிஹின் மெசின் தையல் அல்ல அது, கையால் தைத்த தையல். அந்த மடிப்பைக் கண்ட பிறகுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. என்னில் அளந்த குழாய் மதினிக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று அந்தச் சட்டை சொன்னது. அதன் பிறகே நாடாவை எடுத்தேன்.

ஏழு வருடம் குறை கேட்கவில்லை என்று எழுதினீர்கள். மதினியிடம் நீங்கள் கேட்டீர்களா? என்னை நம்ப வேண்டாம். எழுந்து போய் அவளுடைய பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எனக்கும் ஒரு குற்றம் உண்டு. அதை யாரும் என் மேல் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். "மறைப்பைப் போடுங்கள், மதினியில் நான் அளந்து சொல்கிறேன்" என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பெண், நான் மிஸி, எனக்கு யார் தடை? நீங்கள் முறைத்தீர்கள், நான் பேசாமல் என் கையை நீட்டினேன். மூன்று வருடம் படித்துவிட்டு உங்களுக்குப் பயந்து நின்றேனே, அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது. இனிமேல் ஒருவருடைய முறைப்புக்கும் என் கை தானாக நீளாது.

சுல்பிகா

•

மருதமுனை
16.03.1957

தங்கச்சி,

பெட்டியைத் திறந்தேன். ஏழு சட்டை இருந்தன. ஏழையும் உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறாள்.

"இது எப்ப தச்ச?" என்று கேட்டேன். "பெருநாளுக்கு முந்தின நாள்தான்" என்றாள். "ஏன் செல்லல்ல?" என்றேன். "நீங்க கேக்கல்ல, நான் செல்லல்ல. எனக்கு அளவில்லாத சட்டய நான் அளவாக்கிப் போட்டன். இதில செல்ல என்ன இரிக்கி?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சரி, நீ அளந்தது சரி. உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காயிதத்தில் எழுதித் தர என்னால் ஏலாது. மனைவியின் உயிருக்கு நான் வழி மறித்து நின்றேன் என்று அரசாங்கக் காயிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு பள்ளியில் முன் வரிசையில் நிற்பேன்? முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறேன், இது குடும்ப விஷயம் என்று பெரிய டொக்டருக்கு இன்று எழுதிவிட்டேன். நீ வேலையை விடவும் வேண்டாம், சாய்ந்தமருதுக்காரரையும் மறந்துவிடு. இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

பதியுதீன்

•

தாதிமார் விடுதி
19.03.1957

காக்கா அவர்களுக்கு,

முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தீர்கள், விசாரணை நிற்கவில்லை. இப்போது அது உங்களுக்கும் எனக்கும் நடுவில் உள்ள சண்டை இல்லை. குழாய் சரியாகத்தான் இருந்தது, மிஸி தன் எண்ணத்துக்கு அசைத்தாள் என்று டொக்டர் அருளம்பலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. தான் அளந்தது சரி என்று நம்புகிறார். அளந்ததும் சரிதான், அளந்த உடம்புதான் பிழை.

நீங்கள் எனக்கு இரக்கப்பட வேண்டாம். குடும்ப விஷயம் என்று மூடிவிட்டால் அந்தப் பிழை அப்படியே கிடக்கும். நாளைக்கு இன்னொரு கணவன் வந்து கட்டிலுக்கு முன் நின்று என் உம்மாவில் அள, என் ராத்தாவில் அள என்பான். நாடி தடுக்குவதைக் கண்ட மிஸி, சுல்பிகாவுக்கு நடந்ததை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அந்தப் பெண் செத்துப்போவாள். அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் அவள் வருவாள்.

ஆகவே 25ஆம் திகதி காலையில் தனியாகப் போகிறேன். நடந்ததைச் சொல்வேன், உங்கள் பெயரையும் சொல்வேன். அதற்காக நீங்கள் என் உறவை வெட்டி விடுவதென்றால் விடுங்கள். உங்கள் தங்கச்சி என்ற சொல்லைச் சுமந்துகொண்டு வாயை மூடி இருப்பதைவிட அது எனக்கு இலேசு.

சுல்பிகா

•

தாதிமார் விடுதி
26.03.1957

காக்கா அவர்களுக்கு,

மதினி உங்களிடம் எவ்வளவு சொன்னாளோ தெரியாது. அவள் அதிகம் சொல்லமாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

மேசையில் மூன்று பேர் இருந்தார்கள், பக்கத்தில் டொக்டர் அருளம்பலம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "உம்முடைய அளவும் அந்தப் பெண்ணின் அளவும் வேறு என்பதற்கு உம்முடைய வாயைத் தவிர வேறு என்ன சாட்சி?" என்று பெரிய டொக்டர் கேட்டார். அந்த நேரம் தங்கராசா கதவைத் தட்டி, "ஐயா, ஒரு பொம்புள வந்து நிக்கிறா. போங்க எண்டாலும் போறா இல்ல" என்றார்.

மதினி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்து ஐந்து நாள்தான் ஆகிறது. நீங்கள் நூல் எடுக்கக் கல்முனைக்குப் போன கையோடு பஸ் ஏறியிருக்கிறாள். கதிரை போட்டார்கள், அவள் அதில் உட்காரவில்லை. பிள்ளையை என்னிடம் தந்தாள். "நான்தான் அந்தப் பொம்புள. என்னில அளக்காம இந்த மிஸியில அளந்தீங்க. இந்தா என்ட கை, இப்ப அளங்க" என்று கையை மேசைக்கு நேராக நீட்டினாள்.

டொக்டர் அருளம்பலம் எழுந்து நாடாவை என் பக்கம் நீட்டினார். "மிஸி அளக்கட்டும் அம்மா, நான் தள்ளி நின்று பார்க்கிறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மதினி விடவில்லை. "இல்ல. நீங்கதான் அளக்கணும். பொறகு மிஸி கூட்டிக் கொறச்சி அளந்தா எண்டு ஆரும் செல்லப்படா" என்றாள்.

அவர் அளந்தார். சீலைக்கு மேலால், முழங்கை மடிப்பில் இருந்து தோளுக்கு, தோளில் இருந்து கழுத்துக் குழிக்கு, அதற்குக் கீழே இரண்டு விரல். மதினி கண்ணைத் தாழ்த்தவும் இல்லை, மூடவும் இல்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னில் அளந்தார். இரண்டு முறை அளந்தார். நாடாவை மேசையில் வைத்துவிட்டு, "மூன்று விரல். சரியாகச் சொன்னால் கொஞ்சம் கூட" என்றார். தான் எழுதிக் கொடுத்த காயிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி நான்காகக் கிழித்தார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் அதோடு போயிற்று.

குழாயை அசைத்தது சரி என்று எழுதினார்கள். டொக்டருக்குக் காத்திருக்காதது பிழை என்று ஓர் எச்சரிக்கையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அதற்குக் கீழே, "இப்படி ஒரு நாடியைக் கண்டால் அடுத்த முறையும் காத்திருக்க மாட்டேன்" என்று எழுதினேன். பெரிய டொக்டர் வாசித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், அந்த வரியை வெட்டாமல் கோப்பில் வைத்தார். இனிமேல் இந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பெண்ணுக்குக் குழாய் வைத்தாலும் மறைப்புப் போட்டு, அவளிலேயே, மிஸி அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது.

பஸ் ஏற்றிவிடப் போனபோது, "காக்கா என்ன சொல்லுவாரோ மதினி?" என்று கேட்டேன். "செல்லட்டும். ஊடு என்ட சீதன ஊடு. கதவு நான் தொறந்தாத்தான் அவர் உள்ளுக்கு வரணும்" என்று சிரித்தாள். என் கல்யாணப் பேச்சு வந்தால் நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

சுல்பிகா

•

மருதமுனை
30.03.1957

தங்கச்சி சுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ கேட்ட வரியை எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிய டொக்டருக்கும் ஒரு பிரதி போகிறது. விசாரணை முடிந்த பிறகு வருகிற காயிதம், உனக்கு ஓர் உதவியும் இல்லை. ஆனாலும் நீ எழுதி வைத்த வரிக்குப் பக்கத்தில் என் வரியும் கோப்பில் கிடக்கட்டும்.

ஐந்து நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. அன்றைக்கு அவளுடைய நாடி நின்றிருந்தால், அல்லாஹ் நாடியது அவ்வளவுதான் என்று சொல்லி நானே சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கியிருப்பேன். ஊர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கும். அவளைக் கொன்றது என்னுடைய வாய் என்று நான் மௌத்தாகும் வரைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. இதை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் அவள் கஞ்சி குடிக்கிறதைப் பார்த்துவிட்டு வருகிறேன். "என்ன பாக்கயள்?" என்று கேட்கிறாள்.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் மற்ற மரைக்கார்மார் என்னை வளைத்துக்கொண்டார்கள். அவள் பஸ்ஸில் போனதும், ஆண்களுக்கு முன்னால் கை நீட்டியதும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "பொம்புளய அங்க போக ஆரு விட்ட?" என்று கேட்டார்கள். நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருந்தால் என் மரியாதை தப்பியிருக்கும். எனக்குத் தெரியாமல் ஓடிவிட்டாள் என்று சொன்னாலும் தப்பியிருக்கும், அவளுடையதுதான் போயிருக்கும். இரண்டும் நாக்கு நுனியில் வந்து நின்றன. மரைக்காருக்கு வேறு ஆளைப் பார்ப்பதென்றால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆரும் விடல்ல," என்று சொன்னேன். "அவவாத்தான் போனா."

உன் காக்கா
பதியுதீன்